பழைய லப்டொப்பில் லினக்ஸ் மின்ட்: எதையும் அழிக்காமல் பழகிப் பார்ப்பது எப்படி?

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாமா இருக்கிறார். ஓய்வுபெற்ற ஆசிரியர், கோயில் சபையின் செயலாளர். சபையின் கூட்ட அறிக்கை, வரவு செலவு எல்லாம் அவருடைய பழைய லப்டொப்பில்தான். 4 ஜிபி ரேம், விண்டோஸ் 10. அந்த விண்டோஸுக்கு 2025 ஒக்டோபர் 14 உடன் வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுவிட்டது. விண்டோஸ் 11 இந்த வயதுப் பெட்டியை ஏற்றுக்கொள்ளாது. டவுணில் ஒரு கடையில் கேட்டதற்கு, "புதுசு ஒண்டு எடுங்கோ ஐயா" என்றார்களாம். அந்தக் காசை மிச்சம் பிடிக்க நாங்கள் செய்ததைத்தான் படிப்படியாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. இன்றைக்கே விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸ் போட வேண்டாம். பென் ட்ரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். ஒரு கிழமை அப்படிப் பழகிவிட்டு முடிவெடுங்கள்.

லினக்ஸ் என்பது 1991இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கிய கருனி, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி. அதைச் சுற்றி மற்றவற்றைச் சேர்த்து முழு இயங்குதளமாகத் தருபவை பல. அவற்றில் ஒன்றான மின்ட் 2006இல் வந்தது, உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் மேல் கட்டப்பட்டது. காசு இல்லை, மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. கீழே மெனு, மூலையில் மணிக்கூடு என்று விண்டோஸ் பழகிய கண்ணுக்கு அந்நியமாக இராது என்பதால் இதைத் தெரிந்தெடுத்தேன்.

படி 1: தரவிறக்குதல்

மின்ட்டின் இணையத்தளத்தில் மூன்று பதிப்புகள் இருக்கும்: சினமன், மேட், எக்ஸ்எஃப்சிஇ (Xfce). 2 ஜிபி ரேமிலும் மின்ட் ஓடும், 4 இருந்தால் வசதி என்கிறார்கள். பழைய பெட்டி என்றால் யோசிக்காமல் எக்ஸ்எஃப்சிஇ எடுங்கள். 22 வரிசைப் பதிப்புகளுக்கு 2029 வரை புதுப்பிப்பு வரும்.

கோப்பு ஏறத்தாழ 3 ஜிபி. இரவு நேர டேட்டா இருந்தால் நடுச்சாமத்தில் போட்டுவிட்டுப் படுங்கள். இறங்கியதும் கோப்பு முழுசாக வந்திருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். நான் முதன்முதலில் லினக்ஸ் போட்டபோது இதைச் செய்யவில்லை. போன் ஹொட்ஸ்பொட் இடையில் அறுந்தது தெரியாமல் அரைகுறைக் கோப்பை வைத்துக்கொண்டு இரண்டு பின்னேரம் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 7-ஸிப் என்ற மென்பொருள் இருக்கும் கொம்பியூட்டரில் கோப்பின் மேல் வலது கிளிக் செய்தால், கோப்பின் கைரேகை போன்ற எஸ்ஹெச்ஏ-256ஐக் கணக்கிடும் வசதி வரும். அது தரும் 64 எழுத்து வரிசையும் தளத்தில் போட்டிருக்கும் வரிசையும் ஒன்றாக இருந்தால் சரி.

படி 2: பென் ட்ரைவ்

8 ஜிபி பென் ட்ரைவ் ஒன்று போதும். அதில் உள்ளதெல்லாம் அழியும், கலியாணப் படங்கள் கிடந்தால் முதலில் வேறிடத்துக்கு மாற்றுங்கள். கோப்பை அப்படியே கொப்பி பண்ணிப் போட்டால் வேலை செய்யாது. எட்சர் என்ற இலவச மென்பொருளைத் திறந்து, இறக்கிய கோப்பை (ஐஎஸ்ஓ என்று முடியும்) காட்டி, பென் ட்ரைவைக் காட்டி, எழுதச் சொல்லுங்கள். முடிந்ததும் "இந்த டிஸ்க்கை ஃபோமட் செய்ய வேண்டும்" என்று விண்டோஸ் ஒரு பெட்டியைக் காட்டலாம். அங்கே ஓம் என்று அழுத்தினால் எழுதியதெல்லாம் போச்சு. கான்சல் கொடுங்கள்.

படி 3: பென் ட்ரைவிலிருந்து கிளப்புதல்

முக்கால்வாசிப் பேர் கைவிடுவது இந்த இடத்தில்தான். விண்டோஸ் 10இல் ஷட் டவுன் கொடுத்தாலும் அது முழுசாக நிற்பதில்லை, அரைத்தூக்கத்தில் கிடக்கும். ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி ஷட் டவுன் கொடுங்கள். பிறகு பென் ட்ரைவைச் செருகி, பவர் பொத்தானை அழுத்திய கையோடு, எதிலிருந்து கிளப்புவது என்று கேட்கும் பூட் மெனுவுக்கான விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். ஒருமுறை அழுத்திவிட்டுக் காத்திருந்தால் பெரும்பாலும் தவறிவிடும். டெல், லெனோவோவில் பொதுவாக எஃப் 12. ஹெச்பியில் எஃப் 9. ஏசூஸ் லப்டொப்பில் எஸ்கேப். ஏசரிலும் எஃப் 12தான், ஆனால் பயோஸ் என்ற லப்டொப்பின் அடிப்படை அமைப்புத் திரைக்குள் போய் அதை முதலில் இயக்கிவிட வேண்டியிருக்கலாம். வரும் பட்டியலில் யூஎஸ்பி என்றிருப்பதைத் தெரிவுசெய்தால் சற்று நேரத்தில் மின்ட்டின் மேசைத்திரை வந்துவிடும்.

மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். "தம்பி, என்ட கணக்கெல்லாம் போயிட்டுதோ?"

போகவில்லை. கோப்பு மேலாளரைத் திறந்தால் இடப்பக்கத்தில் உள்வட்டு தெரியும். கிளிக் செய்து, யூசர்ஸ் என்ற உறைக்குள் போய், அவருடைய பெயரில் இருந்த உறையைத் திறந்து, சபைக் கணக்கைக் காட்டினேன். அப்புறம்தான் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். நீங்களும் இதைத்தான் முதலில் செய்யுங்கள்.

படி 4: ஒரு கிழமை பழக்கம்

பென் ட்ரைவிலிருந்து ஓடும்போது கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும், அதை வைத்து லினக்ஸை எடைபோட வேண்டாம். நிறுத்தினால் செய்த மாற்றங்களும் மறந்துபோகும். வைஃபை, சத்தம், கமெரா, பிரிண்டர் நான்கையும் பாருங்கள். வைஃபை பிடிக்காவிட்டால் போனை வயரில் கொழுவி யூஎஸ்பி டெதரிங் போட்டால் இணையம் வந்துவிடும். பிரிண்டரை மட்டும் கட்டாயம் ஒரு தாள் அச்சடித்தே பாருங்கள், சில பழைய லேசர் வகைகள் லினக்ஸுடன் மல்லுக்கட்டும்.

இனி பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. அதில் எழுதிய மாமாவின் அறிக்கையை மின்ட்டோடு வரும் லிப்ரே ஒஃபிஸில் திறந்தோம். தலைப்பில் "தமிழ்" என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி! கோப்பு பழுதாகவில்லை. பாமினி, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யுனிகோட் முறை எழுத்துரு அல்ல, ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திவைத்த ஒன்று. போர்வை இல்லாத இடத்தில் உள்ளே இருப்பது தெரிகிறது, அவ்வளவுதான். விண்டோஸ் உறைக்குள் இருக்கும் ஃபொன்ட்ஸ் உறையிலிருந்து பாமினிக் கோப்பை எடுத்து, இரட்டைக் கிளிக் செய்து, இன்ஸ்டோல் கொடுத்து, லிப்ரே ஒஃபிஸை மூடித் திறந்தால் தமிழ் வந்துவிடும். இனி எழுதும் அறிக்கைகளையாவது யுனிகோடில் எழுதுங்கள், பெறுபவர் போனிலும் வாசிப்பார்.

படி 5: நிறுவுதல்

கிழமை முடிந்து மனம் வந்தால் தொடருங்கள். முக்கியமான கோப்புகளை வெளியே ஒரு வட்டில் பிரதி எடுத்துவையுங்கள். விண்டோஸில் வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லொக்கர் இயங்கினால் அதன் மீட்புச் சாவியை ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். பழைய பற்றரியை நம்ப வேண்டாம், சார்ஜரைக் கொழுவியபடியே தொடங்குங்கள். இடையில் கரண்ட் போனால் அரைகுறையாகிவிடும். கச்சான் காற்று வீசும் வெக்கைக் காலம் என்றால் மத்தியான வெக்கையில் இந்த வேலை வேண்டாம், லப்டொப்பின் விசிறி அழும்.

மேசைத்திரையில் இருக்கும் நிறுவும் படத்தை இரட்டைக் கிளிக் செய்தால் மொழி, விசைப்பலகை என்று கேட்டுக்கொண்டே போகும். தமிழ் இடைமுகமும் உண்டு. ஆனால் புதியவர்கள் ஆங்கிலத்தில் வைப்பது நல்லது என்பேன், சிக்கல் வந்தால் திரையில் உள்ள சொல்லை வைத்துத் தேட இலகு. பாட்டும் வீடியோவும் ஓட உதவும் மல்டிமீடியா கோடெக் என்ற பெட்டியில் சரி போடுங்கள்.

அடுத்து வரும் திரையில் கையை எடுத்துவிட்டு மெதுவாக வாசியுங்கள். விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவவா, வட்டை முழுவதும் அழித்துவிட்டு நிறுவவா என்று கேட்கும். நமக்கு வேண்டியது பக்கத்தில் நிறுவுவது. அந்தத் தெரிவே வரவில்லை என்றால் அழிப்பதை அழுத்திவிடாமல் வெளியேறி, தெரிந்த ஒருவரைக் கேளுங்கள். தெரிவு இருந்தால் நடுவே உள்ள கோட்டை இழுத்து மின்ட்டுக்கு 40 ஜிபியாவது கொடுங்கள். நேர வலயத்துக்கு வரைபடத்தில் திருகோணமலையைத் தேடாதீர்கள், கொழும்புதான் இருக்கும். பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால் மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும்.

படி 6: தமிழில் எழுதுதல்

முதலில் கேடய வடிவில் இருக்கும் அப்டேட் மனேஜரைத் திறந்து எல்லாவற்றையும் புதுப்பியுங்கள். பிறகு சொஃப்ட்வேர் மனேஜரில், தமிழில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ் எம்17என் என்ற பொதியைத் தேடி (ஆங்கில எழுத்தில் ibus-m17n) நிறுவுங்கள். மெனுவில் இன்புட் மெத்தட் என்பதைத் திறந்து ஐபஸைத் தெரிவுசெய்து, வெளியேறி உள்ளே வாருங்கள். ஐபஸ் அமைப்பில் தமிழைச் சேர்க்கும்போது தமிழ்99, ரெங்கநாதன், டைப்ரைட்டர், ஃபொனட்டிக் எனப் பல விசைப்பலகை முறைகள் இருக்கும். பாமினியில் விரல் பழகிய மாமாவுக்கு டைப்ரைட்டர் ஒத்துப்போனது. நான் ஃபொனட்டிக். அதே பட்டியலில் சிங்கள விஜேசேகரவும் உண்டு. திருமலையில் ஒரே நாளில் மூன்று மொழியில் கடிதம் எழுத வேண்டியவர்கள் அதையும் சேர்த்துவைக்கலாம். மொழி மாற்ற விண்டோஸ் விசையும் ஸ்பேஸும்.

இன்னொன்று: இணையத்தில் கிடைக்கும், விண்டோஸுக்கான இஎக்ஸ்இ கோப்புகளை இங்கே நேரடியாக ஓட்ட முடியாது. வேண்டியதை சொஃப்ட்வேர் மனேஜரிலேயே முதலில் தேடுங்கள்.

எல்லாம் முடிந்து இரண்டு நாள் கழித்து மாமாவின் அழைப்பு. ஏதோ தேவைக்கு விண்டோஸுக்குள் போயிருக்கிறார். "தம்பி, நான் மத்தியானம் சாப்பிட்டு முடிச்சு ஒரு மணி. இது விடிய ஏழரை எண்டு நிக்குது!"

இதுவும் பழுதல்ல. லப்டொப்புக்குள் இருக்கும் மணிக்கூட்டை லினக்ஸ் உலகப் பொது நேரத்தில் வைக்கும், விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று வாசிக்கும். இலங்கை நேரம் பொது நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால், அதனால் அதே ஐந்தரை குறைகிறது. விண்டோஸின் நேர அமைப்பில் சிங்க் நவ் கொடுத்தால் சரியாகும், அடுத்தமுறை மின்ட் போய் வந்தால் திரும்பவும் மாறலாம். மாமா அதைச் செய்வதில்லை. விண்டோஸைத் திறப்பதே மாதத்தில் ஒருநாள், அன்றைக்குச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொள்கிறாராம்.