பழ ஈ இனிப்பை அறியும் விதம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனிந்த வாழைப்பழத்தை மொய்க்கும் சிவந்த கண்ணுடைய சிற்றீயே ஆய்வகங்களில் வளர்க்கப்படும் டுரோசோபிலா மெலனோகாஸ்டர். மாங்காயில் முட்டையிட்டுப் புழு விழச் செய்யும் பாக்ட்ரோசெரா இனத்தையும் நம் வேளாண் நூல்கள் பழ ஈ என்றே குறிப்பதால், இரண்டையும் ஒன்றெனக் கொண்டுவிடக் கூடாது.

"ஒரு சர்க்கரைக்கு ஒரு மரபணு" என்று மனத்தில் பதித்துக்கொள்வதுதான் பெரிய தவறு. இந்த ஈயிடம் உள்ள 60 சுவை ஏற்பி மரபணுக்களிலிருந்து 68 ஏற்பிப் புரதங்கள், அதாவது சுவைப்பொருளைப் பற்றி உணரும் புரதங்கள், உருவாகின்றன; இனிப்பை உணர்பவை அவற்றுள் 9 மட்டுமே. டிரெஹலோஸ் என்னும் சர்க்கரையை உணர, அந்த ஒன்பதில் ஒன்றான ஜிஆர்5ஏ தேவை என்பது உண்மை, ஆனால் இன்னொன்றான ஜிஆர்64எஃப் உடனில்லாவிட்டால் அந்த உணர்வு குன்றிவிடுகிறது. ஆகவே ஒரு மரபணுவை நீக்கியதும் உணர்வு குறைந்தது என்பதை வைத்து, சர்க்கரையைப் பற்றுவது அது ஒன்றே என்று முடிவுகட்ட இயலாது.

இத்தகைய அவசரம் ஆய்வு உலகிலேயே நேர்ந்திருக்கிறது. டிரெஹலோஸ் ஏற்பியைத் தருவது டிஆர்இ1 என்னும் மரபணு என்று 2000இல் அறிவிக்கப்பட்டது. அந்த ஆய்வின் ஈக்களில் செய்யப்பட்ட மரபணு நீக்கம் பக்கத்திலிருந்த ஜிஆர்5ஏவையும் சிதைத்திருந்தது 2001இல் தெரியவந்தது. ஜிஆர்5ஏவை மட்டும் திரும்பச் சேர்த்ததும் உணர்வு மீண்டது. நீக்கிப் பார்ப்பதோடு நில்லாமல் மீட்டும் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

மனித நாக்கின் இனிப்பு ஏற்பியை அப்படியே ஈக்குப் பொருத்துவதும் பிழை. நம்முடையது ஜி-புரதம் என்னும் செல்லுள் இடைத்தூதுப் புரதத்தின் வழியே செய்தி கடத்துவது; ஈயினுடையதோ வேறு குடும்பத்தைச் சேர்ந்தது, சர்க்கரை பட்டதும் தானே திறந்து மின்னூட்டத் துகள்களை உள்ளே விடும் அயனி வாயில். இந்த ஏற்பி ஈயின் வாய்ப்பகுதியில் மட்டும் இருப்பதுமன்று, காலிலும் உண்டு. பழச்சர்க்கரையான ஃபிரக்டோஸை உணரும் ஜிஆர்43ஏ மூளைக்குள்ளும் இருந்து, உண்டபின் குருதிநீரில் உயரும் ஃபிரக்டோஸை அளந்து, பசித்த ஈயை மேலும் உண்ணவும் நிறைந்த ஈயை நிறுத்தவும் செய்கிறது.

சோதனையில் அடிக்கடி நேரும் பிழை ஒன்று உண்டு. பட்டினியிட்ட ஈயின் முன்காலில் சர்க்கரை நீரைத் தொட்டதும் அது உறிஞ்சுகுழலை நீட்டினால், உடனே இனிப்பை உணர்ந்ததாக எழுதிவிடுகிறோம். தாகமெடுத்த ஈ வெறும் நீருக்கும் அப்படியே நீட்டும். ஆகையால் முதலில் வெறும் நீரைக் காலில் தொட்டு, நீட்டினால் குடிக்கவிட்டு, இனி நீட்டுவதில்லை என்று கண்ட பிறகே சர்க்கரைத் துளியை எடுக்க வேண்டும்.