ஆங்கிலச் சொல்லின் வேரைத் தேடுவது எப்படி? டெட்டனஸை வைத்துப் பழகுவோம்

ஆணி குத்தினால் "டி.டி. ஊசி போட்டாச்சா?" என்று கேட்கிறோமே, அதில் முதல் டி டெட்டனஸ். அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். சொற்பிறப்பு தரும் ஆங்கில அகராதி ஒன்று போதும். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

1. முதலில் இன்றைய பொருளைப் படியுங்கள்

டெட்டனஸுக்கு இரண்டு பொருள். ஒன்று ரண ஜன்னி: காயம் வழியே நுழைந்த கிருமியின் நஞ்சு தசைகளை இறுக்கிவிடும், பெரும்பாலும் தாடைதான் முதலில் பூட்டிக்கொள்ளும். இன்னொன்று உடலியங்கியலில் வருவது: தூண்டல்கள் அடுத்தடுத்து வேகமாக வருவதால், தளர நேரமில்லாமல் தசை இறுகியே நிற்கும் நிலை. இதில் நோயே கிடையாது.

2. ஒவ்வொரு படியாகப் பின்னால் போங்கள்

ஆங்கிலத்துக்கு லத்தீனிலிருந்து வந்தது, லத்தீனுக்குக் கிரேக்கத்திலிருந்து. கிரேக்கத்தில் தெத்தனோஸ் என்றால் விறைப்பு. அதற்குப் பின்னால் தெய்னெயின், அதாவது 'இழுத்து நீட்டு' என்ற வினை. பண்டைய கிரேக்க மருத்துவர் ஹிப்போகிராட்டஸ் பெயரில் வழங்கும் மருத்துவ நூல்களிலேயே இந்த நோய் இதே பெயரில் வருகிறது.

இன்னும் பின்னால் 'தென்' என்ற வேர், தலையில் ஒரு நட்சத்திரக் குறியோடு நிற்கும். எந்த ஏட்டிலும் கிடைக்காத, மொழியியலாளர்கள் பல மொழிகளை ஒப்பிட்டு ஊகித்த வடிவம் என்று அதற்கு அர்த்தம். அகராதியில் இந்தக் குறியைக் கவனிக்காமல் தாண்டிவிடாதீர்கள்.

3. சொந்தபந்தங்களைத் தேடுங்கள்

சுவையான பகுதி இதுதான். டென்ஷன், இழுத்துக் கட்டும் டென்ட், தசையை எலும்போடு பிணைக்கும் டெண்டன் எல்லாம் ஒரே குடும்பம். இசையில் வரும் டோனும் அப்படித்தான்; நரம்பை இழுத்து முறுக்கினால்தானே சுருதி ஏறும்! தெத்தனோஸின் நடுவில் இருக்கும் 'தன்' சமஸ்கிருதத்திலும் உண்டு, அதே 'நீட்டு' என்ற பொருளில். அதிலிருந்து பிறந்த தந்த்ரிதான் நம் வீணைத் தந்தி. அப்புறம் கம்பி வழியே வந்த அவசரச் செய்திக்கும் அதுவே பெயரானது.

4. போலிகளைக் கழியுங்கள்

தாடை பூட்டும் நோய்தானே, டென்டிஸ்டும் உறவாக இருக்குமோ என்று தோன்றலாம். இல்லை. தமிழில் எழுதும்போது இரண்டுக்கும் ஒரே 'ட'தான். ஆங்கில எழுத்தில் பார்த்தால் முதலெழுத்தே வேறு. டென்டிஸ்ட் வந்தது பல்லைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து.

5. தனியாக முயன்று பாருங்கள்

ரண ஜன்னிக் கிருமியின் நஞ்சுக்கு டெட்டனோஸ்பாஸ்மின் என்று பெயர். முன்பாதி தெரிந்ததுதான். பின்பாதியில் இருக்கும் ஸ்பாஸம், அதாவது தசைப்பிடிப்பு, என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு இதே வழியில் போங்கள். 'இழு' என்று பொருள்படும் இன்னொரு கிரேக்க வினையில் போய் நிற்பீர்கள்.