த்ராட்டில் பாடியில் கை வைக்கும் முன்: பழைய காரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய காரில் ஐட்லிங் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடுவது) தடுமாறினால் போதும், "த்ராட்டில் பாடியைக் கழற்றிக் கழுவு" என்று பக்கத்து வீட்டுக்காரர்கூட யோசனை சொல்வார். இன்ஜினுக்குள் போகும் காற்றை அளந்து விடுகிற பாகம் அது, நாளாக ஆக அதில் கரி படியும். யோசனையில் தப்பில்லை. ஆனால் நான் பார்த்தவரை கரி செய்கிற கெடுதலைவிடக் கழற்றுகிற கை செய்கிற கெடுதல்தான் அதிகம், என் கையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

என்னுடையது 2006 மாடல் சான்ட்ரோ ஜிங், 1086 சிசி, கேபிள் இழுக்கிற த்ராட்டில். இதில் முதல் தவறே, பார்க்காமல் கழற்றுவது. ஏர் ஹோஸை மட்டும் எடுத்துவிட்டு, கேபிளை இழுத்து, உள்ளே காற்றை மறித்து நிற்கும் பட்டர்ஃபிளை தட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். தட்டு மூடும் இடத்தில் மெல்லிய கறுப்பு வளையம் மட்டும் இருந்தால், துணியை த்ராட்டில் கிளீனரில் நனைத்து அங்கேயே துடைத்துவிடலாம். காற்றை சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் மேனிஃபோல்டையே இறக்கச் சொன்னால் யோசியுங்கள். இந்த மாதிரி வண்டிகளில் வால்வுக்குப் பின்னால் பெட்ரோல் தெளித்துக்கொண்டே இருப்பதால் அங்கே கரி அவ்வளவாகச் சேராது. டீசலில் கதை வேறு. இஜிஆர் (புகையில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே விடும் அமைப்பு) வழியாகப் புகை திரும்பி வந்து எண்ணெயோடு கலந்து தார் மாதிரி அப்பிக்கொள்ளும், அதை இறக்கித்தான் சுரண்ட வேண்டும்.

சரி, கழற்றியே ஆக வேண்டும் என்றால் ஹோஸ்களிடம் நிதானம் வேண்டும். பத்துப் பதினைந்து வருடம் சூட்டில் வெந்த ரப்பர் கல்லாகியிருக்கும். பிசிவி ஹோஸை (இன்ஜினுக்குள் சேரும் ஆவியை மேனிஃபோல்டுக்குக் கொண்டுபோகும் குழாய்) நான் ஒரே இழுப்பாக இழுத்தேன், ஹோஸ் வரவில்லை, அது மாட்டியிருந்த பிளாஸ்டிக் மூக்கு உடைந்து கையோடு வந்தது. முதலில் திருகி அசைத்துப் பாருங்கள். அசையவில்லை என்றால் பிளேடால் ஹோஸை நீளவாக்கில் கீறிவிடுங்கள். ஹோஸ் போனால் புதிது மாட்டிக்கொள்ளலாம்.

திறந்த ஓட்டையில் பனியன் வேஸ்ட் திணிப்பது இன்னொரு வம்பு. அதன் நூல் பிரிந்து உள்ளே போகும். பெரிய துணியாக, நுனி வெளியே தொங்கும்படி வையுங்கள், எத்தனை வைத்தோம் என்று எண்ணியும் வையுங்கள். வாஷர் ஒன்று உள்ளே விழுந்த சந்தேகம் வந்தால்கூட, அது கிடைக்கும் வரை சாவியைத் தொடாதீர்கள்.

எமரி பேப்பர், கம்பி பிரஷ் இரண்டும் வேண்டவே வேண்டாம். உதிரும் பொடி நேராக சிலிண்டருக்குள் போகும். தட்டு எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் டிபிஎஸ் சென்சார், ஐட்லிங் காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஐட்லிங் மோட்டார் இரண்டையும் கழற்றி வைத்துவிட்டு மற்றதைக் கழுவுங்கள், அந்த மோட்டாரின் ஊசியை விரலால் அமுக்கிப் பார்க்கவும் கூடாது. கேபிள் இல்லாத எலக்ட்ரானிக் த்ராட்டில் என்றால் தட்டையே விரலால் தள்ளாதீர்கள், உள்ளே இருப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக் பல்சக்கரம். பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் பக்கம் போகிறவர்கள், லைனில் பிரஷர் இறங்க, முதலில் பெட்ரோல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு, அப்புறம் பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள்.

பட்டர்ஃபிளை பக்கத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும், தட்டு எங்கே நிற்க வேண்டும் என்று கம்பெனியில் வைத்து அனுப்பியது. கரியால் ஐட்லிங் குறைந்தபோது யாரோ ஒரு மெக்கானிக் அதைத் திருகி ஏற்றிவிட்டிருப்பார். நீங்கள் கரியைத் துடைத்ததும் காற்று தாராளமாகப் போய் ஆர்பிஎம் எகிறும், உடனே கிளீனிங்தான் கெடுத்தது என்று தோன்றும். ஸ்க்ரூ தலையில் ஸ்பேனர் பட்ட தழும்பு இருக்கிறதா பாருங்கள்.

இணைப்புக்கு நடுவே காற்று கசியாமல் வைக்கும் பழைய கேஸ்கெட்டையே சிலிக்கான் பேஸ்ட் தடவி மாட்டுவது நம் ஊர்ப் பழக்கம். சாதாரண சிலிக்கான் பெட்ரோல் ஆவிக்குத் தாங்காது, ஆக்சிஜன் சென்சாருக்கும் ஆகாது. புதிது போடுங்கள், நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். அலுமினியத்தில் மரை போனால் அப்புறம் லேத்துக்குத்தான் அலைய வேண்டும்.

எல்லாம் மாட்டிய பிறகு ஐட்லிங் 800 ஆர்பிஎம் பக்கம் நிற்காமல் 1500-இல் ஓடினால், எங்கோ திருட்டுக்காற்று போகிறது. கிளீனரை அடித்து லீக் தேடுவார்கள், சூடான இன்ஜினில் அது தீப்பிடிக்கும் வேலை. இணைப்புகள் மேல் மட்டும், ஒயர்களில் படாமல், தண்ணீரை லேசாகத் தெளித்துப் பாருங்கள். லீக் இருக்கும் இடத்தில் சத்தம் மாறும். எனக்கு மாறிய இடம், பசை போட்டு ஒட்டி வைத்திருந்த அதே பிசிவி மூக்கு.