சேலம், ஏற்காடு பக்கம் பாலியல் தொழில்ல இருக்கறவங்களுக்கு: டெஸ்ட், பாதுகாப்பு, வக்கீல்னு உதவி கெடைக்கற வழி

சேலத்துல சில வருஷம் களப்பணியாளரா பஸ் ஸ்டாண்ட், லாட்ஜ், ஹைவே ஓரம்னு சுத்துனவ நான். புதுசா பேச வர்றவங்க கேக்கற முதல் கேள்வி "ஆதார் கேப்பாங்களாக்கா?", ரெண்டாவது "தெரிஞ்சவங்க யாராச்சும் அங்க இருப்பாங்களா?", நோயப் பத்தின கேள்வி மூணாவதாத்தான் வரும். அந்தப் பயத்த மனசுல வச்சுத்தான் இத எழுதுறேன். பெண்களுக்கும் திருநங்கைகளுக்கும் சேர்த்துத்தான்.

ஸ்டெப் 1: ஒரே ஒரு போன்

1097. காசு கெடையாது, தமிழ்ல பேசலாம், பேரு சொல்ல வேண்டியதில்ல. நாடு முழுக்க இருக்கற ஹெச்.ஐ.வி. ஹெல்ப்லைன் இது. போட்டதும் கதையெல்லாம் சொல்ல வேணாம், "சேலத்துல டிஐ ப்ராஜெக்ட் நடத்துற என்.ஜி.ஓ. எது, ஆபீஸ் எங்க"ன்னு மட்டும் கேளுங்க. மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டு சங்கம் காசு கொடுத்து நடத்துற திட்டம் அது, ஆணுறை, டெஸ்ட், ஆஸ்பத்திரிக்குக் கூட வர்ற ஆளு எல்லாம் அங்கதான். நடத்துற என்.ஜி.ஓ. அப்பப்ப மாறும், அதனாலதான் நான் பேரு போடல. அங்க இருக்கற பீர் எஜுகேட்டருங்க பெரும்பாலும் இதே தொழில்ல இருந்தவங்க, இல்ல இப்பவும் இருக்கறவங்க, அதனால "எதுக்கும்மா இந்தப் பொழப்பு"ன்னு அட்வைஸ் கெடைக்காது.

வீட்ல போன எடுத்துப் பாக்கற ஆளு இருந்தா நம்பர "கேஸ் புக்கிங்"னு சேவ் பண்ணிக்கோங்க, எங்க அக்காங்க பாதிப் பேரு அப்படித்தான் வச்சிருந்தாங்க.

ஸ்டெப் 2: பெரியாஸ்பத்திரி

மோகன் குமாரமங்கலம் அரசு ஆஸ்பத்திரி, கலெக்டர் ஆபீஸ் பக்கம். சாதாரண டவுன் பஸ்ல வந்தா நமக்கும் திருநங்கைகளுக்கும் டிக்கெட் இல்ல. உள்ள போய் ஓ.பி. க்யூவுல நின்னு என்ன பிரச்சனைன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிக்கிட்டிருக்காதீங்க. "நம்பிக்கை மையம் எங்க"ன்னு கேட்டா போதும், ஹெச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்கற எடம் அது, கர்ப்பிணிங்ககூட அங்க டெஸ்ட்டுக்கு வர்றாங்க, அதனால அந்தப் பேர கேட்டதும் யாரும் ஒரு மாதிரி பாக்க மாட்டாங்க.

ஹெச்.ஐ.வி. டெஸ்ட்டுக்கு ஆதார் கட்டாயம் இல்ல. கவுன்சிலர் முதல்ல பேசுவாங்க, நீங்க சரின்னு சொன்னப்புறம்தான் ரத்தம் எடுப்பாங்க, ரிசல்ட்ட உங்ககிட்டதான் சொல்லணும். 2017ல போட்ட ஹெச்.ஐ.வி. சட்டமே அப்படித்தான் சொல்லுது. நான் ஒருத்தங்கள ஒரு தனியார் க்ளினிக்குக்கு தனியா அனுப்பி வச்சேன், அங்க கவுன்டர்ல இருந்த பொண்ணு ரிப்போர்ட்ட பேரோட சத்தமா படிச்சுட்டா, அந்த அக்கா அப்புறம் ரெண்டு வருஷம் எந்த ஆஸ்பத்திரிக்கும் வரல. அதுக்கப்புறம்தான் நான் யாரையும் தனியா அனுப்பறதில்ல, நீங்களும் முதல் தடவ ஒரு ஆளோட போங்க.

வெள்ளப்படுதல், புண்ணு, எரிச்சல், அடிவயித்து வலி இருந்தா சுகவாழ்வு மையம். தொழிலச் சொல்லணும்னு கட்டாயம் இல்ல, ஆனா சொன்னா நல்லது, ஏன்னா 6 மாசத்துக்கு ஒருக்கா ஹெச்.ஐ.வி., சிபிலிஸ் டெஸ்ட்னு பாத்துக்குவாங்க. போறதோட கர்ப்பப்பை வாய் கேன்சர் பரிசோதனையும் மஞ்சக்காமாலை பி தடுப்பூசியும் கேட்டு வாங்கிடுங்க, நாமளா கேக்கலேன்னா விட்டுப்போயிடும்.

ஏற்காடு ஆளுங்க மலையிலயே காட்டிக்க யோசிப்பீங்க, அந்தச் சின்ன ஊர்ல நர்ஸ், கடைக்காரரு, எஸ்டேட் ஆளுங்க எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். 20 கொண்டை ஊசி வளைவையும் இறங்கி சேலம் வந்துடுங்க, இங்க கூட்டத்தோட கூட்டம்.

ஸ்டெப் 3: ஆணுறை கிழிஞ்சா, இல்ல எவனாச்சும் வலுக்கட்டாயம் பண்ணா

இத மட்டும் ரெண்டு தடவ படிங்க. 72 மணி நேரம். அதுக்குள்ள மாத்திரை ஆரம்பிச்சா ஹெச்.ஐ.வி. தொத்தறத பெரும்பாலும் தடுத்துடலாம், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 28 நாள் விடாம போடணும். பேரு பெப். ராத்திரின்னா கேஷுவாலிட்டிக்குப் போங்க, பகல்ல ஏ.ஆர்.டி. மையம், ஹெச்.ஐ.வி. மருந்து கொடுக்கற எடம் அது. கர்ப்பத் தடை மாத்திரையும் அப்பவே கேளுங்க. "அடுத்த வாரம் டெஸ்ட் எடுத்துப் பாத்துக்கலாம்"னு இருந்துடாதீங்க, கிருமி நொழைஞ்ச உடனே டெஸ்ட்ல தெரியாது, 3 மாசம் கழிச்சு திரும்ப எடுத்தாத்தான் உறுதி. அந்த மாத்திரையோ டைம் போனா போனதுதான்.

வன்முறைன்னா எஃப்.ஐ.ஆர். இருந்தாத்தான் பாப்போம்னு ஆஸ்பத்திரி சொல்ல முடியாது, முதல்ல ட்ரீட்மென்ட். 181க்கு போன் போட்டா பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு வழி சொல்லுவாங்க.

ஸ்டெப் 4: லாட்ஜ், காட்டேஜ், கார்

சீசன் டைம்ல ஏற்காட்டுக்கு கூப்பிடுவாங்க, காசும் ஜாஸ்தி, ரிஸ்க்கும் ஜாஸ்தி. ஒண்டிக்கடை, ஏரி பக்கம் இருக்கற லாட்ஜுன்னா கத்துனா நாலு பேரு வருவாங்க, எஸ்டேட் உள்ள இருக்கற காட்டேஜுன்னா நாய்கூட வராது, சில எடத்துல சிக்னலே இருக்காது. அதனால அடிவாரம் தாண்டறதுக்கு முன்னாடியே கார் நம்பர போட்டோ எடுத்து தோழிக்கு அனுப்பிடுங்க, எடமும் ரூம் நம்பரும் தெரிஞ்சா அதுவும். திரும்பக் கூப்பிடற நேரத்த பேசிக்கோங்க. ஒரு சங்கேத வார்த்தையும் வேணும். எங்க குரூப்ல "பால் வாங்கிட்டியா"ன்னு கேட்டா மாட்டிக்கிட்டேன்னு அர்த்தம். ஒருத்தன்னு பேசிட்டு அங்க மூணு பேரு இருந்தா வாசல்லயே திரும்பிடுங்க, வாங்குன அட்வான்ஸ யோசிக்காதீங்க. அவசரம்னா 112.

ஸ்டெப் 5: போலீஸ்

வயசு வந்தவங்க தானா விரும்பிப் பண்ற தொழில் குற்றமில்ல. விடுதி நடத்தறது, அடுத்தவங்க சம்பாத்தியத்துல வாழறது, பொது எடத்துல நின்னு கூப்பிடறது, இதெல்லாம் 1956ல வந்த விபச்சாரத் தடுப்புச் சட்டத்துல குற்றம். பஸ் ஸ்டாண்ட்ல புடிக்கறது அந்தக் கடைசி விஷயத்துக்குத்தான். 2022 மே மாசம் சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டுச்சு: ஆணுறைய சாட்சியா காட்டக்கூடாது, போலீஸ் நம்மள திட்டவோ அடிக்கவோ கூடாது. ரெய்டுல தொழிலாளிய கைது பண்ணக்கூடாது, நாம கொடுக்கற புகாரையும் மத்தவங்க புகார் மாதிரியே எடுத்துக்கணும்னும் கோர்ட் போட்ட குழு சொல்லுச்சு, ஆனா மத்திய அரசு தயக்கம் காட்டுனதால அது ரெண்டும் அப்ப உத்தரவா ஆகல. ஸ்டேஷன்ல இதெல்லாம் அப்படியே நடக்குதான்னு கேட்டா நான் சிரிப்பேன், அதனால வக்கீல் நம்பர் வச்சுக்கோங்க: 15100. பெண்களுக்கு வருமானம் எவ்வளவுன்னாலும் இலவச வக்கீல் உண்டு, அஸ்தம்பட்டி கோர்ட் வளாகத்துல சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல நேராவும் கேக்கலாம்.

உங்களயே யாராச்சும் அடைச்சு வச்சு தொழில் பண்ண வச்சா 112க்கோ 181க்கோ போன் போடுங்க. 18 வயசு ஆகாத புள்ளைய இந்தத் தொழில்ல எங்க பாத்தாலும் யோசிக்காம 1098, குழந்தைங்களுக்கான ஹெல்ப்லைன் அது.

ஸ்டெப் 6: ஆதார் இல்லாதவங்க

வீட்ட விட்டு வந்தப்ப எந்தப் பேப்பரும் எடுத்துட்டு வராதவங்க நெறைய பேரு. அவங்களுக்கும் அதே கோர்ட் உத்தரவுல வழி இருக்கு: எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்போட அதிகாரி ஒரு படிவத்துல சான்று கொடுத்தா முகவரி ஆதாரம் இல்லாமயே ஆதார் எடுக்கலாம், கார்டுல தொழில் தெரியற மாதிரி எந்தக் குறியும் இருக்கக்கூடாது. இதுக்கு நேரா ஆதார் சென்டருக்குப் போயி நிக்காதீங்க, அங்க இருக்கற பையனுக்கு இது தெரிஞ்சிருக்காது. ஸ்டெப் 1ல சொன்ன டிஐ ஆபீஸ்ல ப்ராஜெக்ட் மேனேஜர்கிட்ட "அந்தப் படிவம் வேணும்"னு கேளுங்க, இழுத்தடிச்சா வாரா வாரம் போயி கேளுங்க.