துவக்குக் குழலின் சோக்: அளக்கும்போது விடும் பிழைகள்

"இது புல் சோக் துவக்கு, எட்டத்துக்கு அடிக்கும்." வட்டை எனும் வயல்வெளிக் காவலுக்குத் துவக்கு உரிமம் எடுத்தவர்களிடம் மட்டக்களப்பின் படுவான்கரையில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. இதற்குள் இரண்டு பிழை இருக்கிறது. சோக் என்பது குழல் வாயை ஒட்டிய சில அங்குலத்துக்குள் இருக்கும் சிறு ஒடுக்கம். தோட்டாவிலிருந்து வரும் சிறு ஈயக் குண்டுகளான சன்னம் சிதறுவதை அது நெருக்குமே தவிர, சன்னத்துக்கு வேகம் கொடுக்காது. அது புல் சோக்தானா, அதாவது முழு ஒடுக்கம்தானா என்பதையும் அளந்து பார்க்காமல் சொல்ல முடியாது.

அளக்க முன் தோட்டா இல்லையென்று இரட்டைக்குழல் துவக்கின் இரண்டு அறையையும் கண்ணாலும் விரலாலும் பாருங்கள். பிறகு குழலைக் கழற்றி, பின்பக்கத்தால் வெளிச்சத்தைப் பாருங்கள். மாதக்கணக்கில் சும்மா கிடந்த துவக்கில் குளவி மண்கூடு கட்டியிருக்கலாம். அதோடு சுட்டால் குழல் வீங்கும், வெடிக்கவும் கூடும். சோக் தொடங்கும் சரிவில் ஈயமும் பிளாஸ்டிக் அடைப்பின் கசடும் படியும். துடைக்காமல் அளந்தால் இல்லாத ஒடுக்கம் கணக்கில் ஏறும்.

காசை வாயில் வைத்து "உள்ளே போகவில்லை, ஆகவே புல் சோக்" என்பது பழைய பழக்கம். காசு காட்டுவது வாயின் அகலத்தை மட்டும்தான். குழலின் உள்விட்டத்திலிருந்து வாயின் விட்டத்தைக் கழித்தால் வருவதே சோக். 12 போர் எனும் அளவுக் குழலில் 0.010 அங்குலம் குறைந்தால் கால் சோக், 0.020 அரை, 0.030 முக்கால், 0.040 புல்.

பலர் சறுக்குவது இந்தக் கழித்தலில்தான். 12 போர் என்றதும் உள்விட்டத்தை 0.729 என்று வைத்துக்கொள்கிறார்கள். பழைய ஆங்கிலேயக் குழல்களின் அடியில் உள்விட்டத்தைக் குறிக்கும் முத்திரையைப் பாருங்கள்: 12 என்றால் 0.729, 13/1 என்றால் 0.719, 12/1 என்றால் 0.740. வாய் 0.709 என்று வைப்போம். முதல் குழலில் அது அரைச் சோக், இரண்டாவதில் வெறும் கால், மூன்றாவதில் முக்காலுக்குச் சற்று மேல். முத்திரையும் குழல் புதிதாக இருந்த நாளின் அளவுதான். துருவைத் தேய்த்து எடுத்த குழலில் உள்விட்டம் கூடியிருக்கும். குழலின் அடியில் வைரக் கட்டத்துக்குள் இருக்கும் 'சி' தோட்டா அறையைக் குறிப்பது. அதைச் சோக் என்று வாசிக்க வேண்டாம். துருப்பிடித்த நுனியை யாரோ வெட்டிய குழலில் என்ன முத்திரை இருந்தாலும் சோக் போய்விட்டது.

வேணியர் கலிப்பரும் போதாது. அதன் உள்தாடை தட்டையானது என்பதால் வளைந்த சுவரில் விட்டத்தைக் குறைத்துக் காட்டும். விளிம்பைத் தாண்டி உள்ளேயும் போகாது. சில குழல்களில் மிக இறுகிய இடம் வாய்க்குச் சற்று உள்ளே இருக்கும். உள்விட்டம் அளக்கும் டயல் போர் கேஜ் வேண்டும். எஞ்சின் சிலிண்டர் வேலை செய்யும் கடைகளில் இருக்கும் 18–35 மில்லிமீற்றர் கேஜ், புல் சோக் வாய்க்குள் நுழையாது, ஏனென்றால் அந்த வாய் 17.5 மில்லிமீற்றர்தான். அதற்குக் கீழ் அளவுக் கேஜும் தேவை. குழலின் விட்டத்தைப் பின்பக்கத்திலிருந்து 9 அங்குலம் உள்ளே எடுங்கள். அதற்கு நீண்ட தண்டுள்ள கேஜ் வேண்டும்.

கேஜ் சொல்வது ஒடுக்கத்தை. சிதறலைக் கடதாசிதான் சொல்லும். வாயிலிருந்து 40 யார், அதாவது 36.6 மீற்றர், எட்டு வைத்து எண்ணாமல் நாடாவால் அளக்க வேண்டும். 4 அடிச் சதுரக் கடதாசியில் சுட்டபின், சன்னம் அடர்ந்த இடத்தை நடுவாக வைத்து 30 அங்குல வட்டம் கீறுங்கள். குறிவைத்த புள்ளியை நடுவாக்கினால் துவக்கின் கோணலும் சோக்கின் கணக்கில் விழுந்துவிடும். வட்டத்துக்குள் 40 வீதம் விழுந்தால் ஒடுக்கமில்லாக் குழல், 55 கால், 60 அரை, 65 முக்கால், 70 புல். ஒரு வெடி போதாது. ஒரே வகைத் தோட்டாவில் ஒவ்வொரு குழலுக்கும் குறைந்தது ஐந்து சுட்டுச் சராசரி எடுங்கள்.

வீதம் பிழைப்பது பெரும்பாலும் மொத்தச் சன்ன எண்ணிக்கையில். இங்கிலாந்து 6ஆம் இலக்கச் சன்னம் அவுன்சுக்கு 270, அமெரிக்க 6ஆம் இலக்கம் 225. அவுன்சை வைத்து மனக்கணக்குப் போடாமல், அதே பெட்டியின் ஒரு தோட்டாவைக் கவனமாகத் திறந்து எண்ணுங்கள். 304 சன்னத்தில் 182 உள்ளே என்றால் அரைச் சோக்.

பன்றிக்கென்று வைத்திருக்கும், பெரிய சன்னம் உள்ள எஸ்.ஜி. தோட்டாவுக்கு இந்த வீதம் பொருந்தாது. ஒன்பது சன்னத்தில் ஒன்று விலகினாலே 11 வீதம் மாறிவிடும். புல் சோக்கில் பெரிய சன்னம் நசுங்கி இன்னும் சிதறுவதும் உண்டு. சோக் உள்ள குழலில் ஒற்றை ஈயக் குண்டைச் சுடவே கூடாது. 1875 தொட்டுச் சில ஆண்டுகள் ஆங்கிலேயச் சோக் குழல்களில் 'குண்டுக்கு அல்ல' என்று பொறித்தது இதற்காகத்தான். யானைக்கு யானை வெடி இருக்கிறது, சன்னம் வேண்டாம்.

சுட்டுப் பார்க்கும் இடத்தைப் பொலிஸில் கேட்டுத் தீர்மானியுங்கள். வட்டை வரம்பு சன்னத்தைத் தாங்காது. குளக்கட்டுக்கு அந்தப் பக்கம் மாடும் ஆளும் நடமாடும்.