கடப்பாரையை எடுக்கும் முன்: கழிவுநீர்க் குழாய்க்குள் கேமரா விடும் முறை

இருபத்தாறு ஆண்டுகளாக மதுரை வீடுகளின் கழிவறைக் குழாய்களோடுதான் என் பிழைப்பு. அதில் முதல் பதினெட்டு ஆண்டுகள் கையில் இருந்தவை மூங்கில் பிளாச்சும் கடப்பாரையும் ஊகமும். வில்லாபுரத்தில் ஒரு வீட்டில், "அடைப்பு இங்கேதான்" என்று அடித்துச் சொல்லி, பன்னிரண்டு அடி நீளத்துக்குத் தரையை உடைத்தேன். உள்ளே குழாய் பளிங்கு போலச் சுத்தமாக இருந்தது. அடைப்பு எதிர்ப்பக்கம், நஹானி டிராப்பிலிருந்து (குளியலறைத் தரையில் தண்ணீர் இறங்கும் குழி) மூன்றே அடியில். டைல்ஸ் பதித்தவர்கள் சட்டி கழுவி ஊற்றிய வெள்ளை சிமெண்ட் அங்கே கல்லாகி உட்கார்ந்திருந்தது. உடைத்த தரையை என் காசில் பூசிக் கொடுத்தேன். அந்த மாதமே கேமராவுக்குப் பணம் சேர்க்கத் தொடங்கினேன்.

முதலில் கருவி. ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்குக் கைபேசியில் மாட்டும் கேமரா கிடைக்கிறது. வாஷ்பேசின் குழாய்க்கு அது போதும். நாலு அங்குலக் கழிவுக் குழாயில் விட்டால், அதன் மெல்லிய வயர் முதல் வளைவிலேயே சுருண்டு படுத்துவிடும். நமக்கு வேண்டியது தள்ளுக் கேமரா. வளைந்தாலும் மடங்காத கண்ணாடியிழைக் கம்பி, அதன் நுனியில் விளக்கு சூழ்ந்த கேமரா, கம்பி எத்தனை மீட்டர் போயிருக்கிறது என்று காட்டும் எண்ணி, ஒரு சின்னத் திரை. என்னுடையது 30 மீட்டர் கம்பி, 23 மில்லிமீட்டர் தலை. எண்ணி இல்லாத கேமராவை வாடகைக்குக்கூட எடுக்காதீர்கள். குழாய்க்குள் வேர் இருக்கிறது என்று தெரிந்து என்ன பயன்? எத்தனையாவது அடியில் என்று தெரிந்தால்தானே தோண்ட முடியும்.

சேம்பர் (வீட்டுக் கழிவுக் குழாய்கள் வந்து சேரும் தொட்டி) மூடியைத் திறந்ததும் குனிந்து பார்க்கும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. வேண்டாம். திறந்து போட்டுவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். பீடி, சிகரெட் பக்கத்தில் கூடாது, மீத்தேன் தீப்பிடிக்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடு இன்னும் மோசம். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும்; அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. வாடை போய்விட்டது என்று நம்பி இறங்கியவர்கள் திரும்பியதில்லை. செப்டிக் டேங்குக்குள்ளோ சாக்கடைக்குள்ளோ ஆளை இறக்கிச் சுத்தம் செய்வதற்கு எதிராக 2013ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அப்படி இறப்பவர் குடும்பத்துக்குத் தர வேண்டிய இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. கேமரா இறங்கட்டும், மனிதர் வெளியே நிற்கட்டும்.

முழுதாக அடைத்து, தண்ணீர் கட்டி நிற்கும் குழாயில் கேமரா விடுவது வீண். திரையில் காப்பிக் கலர்தான் தெரியும். முதலில் ஸ்பிரிங் கம்பியோ பிளாச்சோ விட்டு நீரை வடியவையுங்கள். பிறகு இரண்டு வாளி நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். அடுத்த அரை மணி நேரத்துக்கு வீட்டில் யாரும் குழாயைத் திறக்கக் கூடாது என்று சத்தமாகச் சொல்லிவையுங்கள். வாஷிங் மெஷினை மறந்துவிடுவார்கள், அதையும் சொல்லுங்கள். கேமராக் கண்ணாடியில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டுத் தடவினால் எண்ணெய்ப் பிசுக்கு சீக்கிரம் ஒட்டாது.

நுழைவு வழி எப்போதும் சேம்பர். அது இல்லையென்றால், சுவரோரம் இறங்கும் குழாயில் திருகு மூடி போட்ட டோர் டீ (T வடிவ இணைப்பு) இருக்கும், அதைக் கழற்றலாம். கிளாசெட் வழியாக மட்டும் விடாதீர்கள். அதன் டிராப் வளைவில் தலை சிக்கும், பீங்கானும் கீறும்.

குழாய் வாயில் தலையை வைத்து எண்ணியைப் பூஜ்யமாக்குங்கள். பின் ஒரு முழம், ஒரு முழமாகத் தள்ளுங்கள். வளைவு வந்தால் கையில் தெரியும். கொஞ்சம் பின்னிழுத்து, கம்பியை லேசாகத் திருகித் தள்ளினால் திரும்பிவிடும். மல்லுக்கட்டக் கூடாது. திருநகரில் ஒருமுறை, மூட்டு விலகி ஒரு படி போல இறங்கியிருந்த இடத்தில் அழுத்தித் தள்ளிவிட்டேன். தலை தாண்டிவிட்டது, திரும்பி வரவில்லை. கேமராவை எடுப்பதற்காகவே தரையைத் தோண்டிய ஆள் நான். படம் குப்புற, சாய்வாகத் தெரிந்தால் குழம்ப வேண்டாம். தண்ணீர் எந்தப் பக்கமோ அதுதான் கீழ்ப்பக்கம். போகும்போது எல்லாவற்றையும் பார்க்க முடியாவிட்டாலும் பரவாயில்லை. கூர்ந்து பார்க்க வேண்டியது திரும்ப இழுக்கும்போது. அப்போதுதான் தலை ஆடாமல் வரும்.

என்னென்ன தெரியும்? மஞ்சள் வெள்ளையாகச் சுவரில் படிந்திருந்தால் அடுக்களை எண்ணெய். சாம்பல் நிறத்தில் மேடு தட்டியிருந்தால் சிமெண்ட். எதிரே பிறை நிலா போல ஒரு விளிம்பு தெரிந்தால் மூட்டு விலகியிருக்கிறது. முடிக்கற்றை தொங்குவது போலிருந்தால் அது முடியல்ல, வேர். வெட்டி எடுத்தாலும் அந்த மூட்டைச் சரிசெய்யாவிட்டால் மறுபடி வரும்.

பலரும் தவறவிடுவது பள்ளம். திருமங்கலம் பக்கம் கரிசல் மண்ணில் இது நிறைய. வெயிலில் சுருங்கி, மழையில் உப்பும் மண், மணல் மெத்தை இல்லாமல் போட்ட பிவிசி குழாயை நடுவில் தொய்ய வைத்துவிடும். கேமரா திடீரென்று தண்ணீருக்குள் மூழ்கி, கொஞ்ச தூரம் கழித்து எழும். மூழ்கிய மீட்டரையும் எழுந்த மீட்டரையும் குறித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். கீழே அடைப்பு இல்லாமலேயே அதே இடத்தில் நீர் நின்றால் தொய்வுதான். நாலு அங்குலக் குழாய்க்கு நாற்பதுக்கு ஒன்று வாட்டம் வேண்டும், அதாவது பத்தடிக்கு மூன்று அங்குலம். அது கெட்டபின் மாதாமாதம் கம்பி விடுவது ஆள்கூலிக்குத்தான் லாபம். (எனக்கும் லாபம்தான். இருந்தாலும் சொல்கிறேன்.)

தூரக் கணக்கை ஒரு வீட்டை வைத்தே சொல்லிவிடுகிறேன். சிம்மக்கல் பக்கம் ஒரு சந்து. மாடியில் தண்ணீர் ஊற்றினால் கீழ்க் குளியலறையில் பொங்குகிறது. கூடம் முழுக்க ஆத்தங்குடிக் கல். அப்பத்தா நாற்காலி போட்டு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஏப்பா, ஒரு கல் உடைந்தாலும் உன் கூலியில் கழித்துவிடுவேன்" என்றார். வாசல் சேம்பரிலிருந்து கேமரா விட்டேன். எண்ணி 6.7 மீட்டர் காட்டிய இடத்தில் வேர். பழைய ஸ்டோன்வேர் (சுட்ட மண்) குழாய் அது. ஒவ்வொன்றும் 60 சென்டிமீட்டர் நீளம். சணலும் சிமெண்டும் வைத்து அடைத்த மூட்டு இரண்டடிக்கு ஒன்று வரும். கம்பி வழுக்கினால் எண்ணி பொய் சொல்லும்; மூட்டு பொய் சொல்லாது. எண்ணினேன். பதினோராவது மூட்டு, 6.6 மீட்டர். இரண்டும் ஒத்துவந்தன. டேப்பைத் தரையில் ஓட்டிச் சாக்பீஸால் கோடு போட்டால், கூடம் முடிந்து முற்றம் தொடங்கும் நிலைப்படி. முற்றத்துச் சுவரில் ஒரு அரசங்கன்று இலையாட்டிக்கொண்டு நிற்கிறது. ஒன்றரை அடிதான் தோண்டினேன். இரண்டு கல்லைப் பெயர்த்ததில் ஒன்று உடைந்தது. அப்பத்தா கழித்துவிட்டார்.

குழாய் வளைந்து வளைந்து போகும் வீட்டில் டேப் உதவாது. தலையில் 512 ஹெர்ட்ஸ் சமிக்ஞை அனுப்பும் கேமராவும், மேலே பிடித்துக் கேட்கும் லொக்கேட்டரும் உள்ள ஆளைக் கூப்பிடுங்கள், கூலி கூடுதல்தான்.

கம்பியை வெளியே இழுக்கும்போதே பிளீச்சிங் கரைசலில் நனைத்த துணிக்குள் விட்டுத் துடைத்தபடி சுற்ற வேண்டும். கையுறையைக் கழற்றியபின் சோப்புப் போட்டுக் கழுவாமல் கைபேசியைத் தொடாதீர்கள். வாடகைக்கு வந்தவர் "பார்த்துவிட்டேன், உடைக்க வேண்டும்" என்று வாயால் சொன்னால் போதாது. பதிவை உங்கள் கைபேசியில் ஏற்றச் சொல்லுங்கள். சேம்பர், வளைவு, மீட்டர் எல்லாவற்றையும் ஒரு தாளில் வரைந்து வாங்கி, வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். பிள்ளைகள் மாடி எடுக்கும்போது தேடுவார்கள்.