பள்ளி ஆலோசகரை எப்போது, எப்படி அணுகுவது?

சிங்கப்பூரில் கல்வி அமைச்சின் பள்ளி ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு ஆலோசகராவது இருக்கிறார், ஆனாலும் பிள்ளை பள்ளிக்கே போகமாட்டேன் என்று அடம்பிடித்த பிறகுதான் நம்மில் பலருக்கு அவர் ஞாபகம் வருகிறது. அவ்வளவு தூரம் விடாதீர்கள்.

முதலில் வகுப்பாசிரியருக்கு எழுதுங்கள், அவர் ஆலோசகரிடம் சேர்த்துவிடுவார். பிள்ளையே நேராகவும் போகலாம். "மகள் சரியாக இல்லை" என்று எழுதினால் யாருக்கும் பிடிபடாது. கண்ணால் பார்த்ததை எழுதுங்கள்: கேன்டீனுக்குக் கொடுத்த காசு இரண்டு வாரமாக அப்படியே திரும்பி வருகிறது, இரவு ஒரு மணிக்கும் அறையில் விளக்கு எரிகிறது, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ பேச்சை எடுத்தாலே வயிறு வலிக்கிறது என்கிறாள். எங்கே தொடங்குவது என்று ஆலோசகருக்கு அப்போதுதான் புரியும்.

அப்புறம் ரகசியம். பிள்ளை சொன்னதையெல்லாம் ஆலோசகர் உங்களிடம் ஒப்பிக்க மாட்டார். உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து என்றால் மட்டும் மறைக்க மாட்டார். எனவே வீட்டுக்கு வந்ததும் "உள்ளே என்ன சொன்னே, எங்களைப் பத்திப் பேசினியா?" என்று தயவுசெய்து குடையாதீர்கள், அப்படிக் கேட்டால் அடுத்த முறை அங்கேயும் வாயைத் திறக்காது. "போனது நல்லதாப் போச்சும்மா" என்று சொல்லிவிட்டு சாப்பாடு போடுங்கள், போதும்.

பள்ளியில் சமாளிக்க முடியாத சிக்கல் என்றால் ஆலோசகர் வழியாக மனநலக் கழகத்தின் 'ரீச்' குழு (மாணவர்களின் மனநலத்துக்கான குழு) உதவிக்கு வரும். நள்ளிரவில் நிலைமை மோசமானால் காலைவரை காத்திருக்க வேண்டாம்: தேசிய மனநல உதவி எண் 1771, அல்லது தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ்ஸின் 1767, இரண்டிலும் 24 மணி நேரமும் எடுப்பார்கள்; உயிராபத்து என்றால் நேராக ஆம்புலன்ஸுக்கு 995.